கலாத்தியர் கடிதம்: வடக்கா, தெற்கா?

பைபிள் புதிய ஏற்பாட்டுல இருக்கிற கலாத்தியர் கடிதத்துல அப்போஸ்தலர் பவுல் "புத்தியில்லாத கலாத்தியரே"ன்னு திட்டி எழுதினாரே, அந்த ஆளுங்க எந்த ஊர்க்காரங்கன்னு கேட்டா அறிஞர்களே ரெண்டு கட்சியா நிக்கிறாங்க.

வடக்கு கட்சி சொல்றது, இப்போ துருக்கியோட தலைநகரா இருக்கிற அங்காரா பக்கம் குடியேறுன கெல்ட் இனத்தவங்கதான் உண்மையான கலாத்தியர், 19ம் நூற்றாண்டு ஆங்கிலேய பைபிள் அறிஞர் லைட்ஃபுட் அடிச்சுப் பேசுனது இதைத்தான். "கலாத்தியரே"ன்னு கூப்பிட்டா அது இனத்துப் பேர்தானேங்கிறது இவங்க வாதம். ஆனா அந்தப் பக்கம் பவுல் சபை ஆரம்பிச்சதா ஆரம்ப காலச் சபையோட வரலாறு சொல்ற அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்துல கதையே இல்ல, 16:6லயும் 18:23லயும் கலாத்தியா நாட்டைக் கடந்து போனார்னு ஒரு வரி வருது, அவ்ளோதான்.

தெற்கு கட்சிக்கு முக்கியமான ஆளு ஸ்காட்லாந்து அறிஞர் ராம்சே. கிமு 25ல ரோம் உண்டாக்குன கலாத்தியா மாகாணத்துக்குள்ள பிசீதியா அந்தியோகியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை எல்லாமே வருது, நடபடிகள் 13, 14ம் அதிகாரத்துல பவுலும் அவரோட ஊழியத் துணை பர்னபாவும் போன ஊருங்க, லீஸ்திராவுல பவுல் கல்லடி பட்டு செத்துட்டார்னு நெனச்சு வெளிய இழுத்துப் போட்டாங்களே, அந்த ஊரும் இதுலதான். கடிதத்துல பர்னபா பேரு தெரிஞ்ச ஆளு மாதிரி வர்றதும் பொருந்துது (கொரிந்தியர்லயும் அவர் பேர் வருது, அதனால இது பெரிய ஆதாரம் இல்ல).

ஊர் மாறுனா வருஷமும் மாறும். தெற்குன்னா எருசலேம் கூட்டத்துக்கு (யூதரல்லாத விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேணுமான்னு அப்போஸ்தலர்கள் கூடிப் பேசுனது) முன்னாடி, கிபி 48, 49லயே எழுதியிருக்கலாம், அப்போ பவுலோட முதல் கடிதமே இதுவா இருக்கலாம். வடக்குன்னா சில வருஷம் தள்ளி 50கள்ல போயிடும்.

எனக்கு தெற்குதான் சரின்னு படுது.