பாராசிட்டமாலா, இபுபுரூஃபனா?

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தையின் காய்ச்சலுக்கு முதலில் பாராசிட்டமால்தான். வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம். எடையில் கிலோவுக்கு 15 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது.

இபுபுரூஃபன் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 3 வேளை. வலியும் வீக்கமும் இருந்தால் இது கைகொடுக்கும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம். டெங்கு சந்தேகம் இருந்தால் ரத்தக்கசிவு அபாயம். சின்னம்மை போட்டிருந்தாலும் வேண்டாம்.

பெரும்பாலான தவறு மருந்துத் தேர்வில் இல்லை, அளவில்தான். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. பாராசிட்டமால் என்றால், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் 1.5 மி.லி. மட்டுமே. சொட்டு மருந்தையும் 3 மி.லி. ஊற்றினால் இரட்டிப்பு, அதிகமானால் கல்லீரல் கெடும். சமையல் கரண்டி வேண்டாம், அளவு குறித்த சிரிஞ்ச் போதும். சளி மருந்திலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், லேபிளைப் பாருங்கள்.

இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் அறவே கூடாது. மூச்சுத்திணறல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை.