வேலூரில் ‘ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு’ என்று விளம்பரம் பார்த்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

சிவப்பு நிற மிட்சுபிஷி செடியா. கருப்பு வீல், பின்னால் பெரிய ஸ்பாய்லர், டிக்கியில் ‘ஈவோ’ என்று எழுத்து. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இந்த வண்டியை நாள் வாடகைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். நான் 43,500 ரூபாய் அனுப்பினேன். இன்று வரை அதில் ஒரு பைசா திரும்பி வரவில்லை. பணத்தைவிட, அந்த வண்டியில் என் சித்தப்பாவையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினேனே என்று நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சித்தப்பா திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1998-ல் மிட்சுபிஷியின் லான்சர் கார் அங்கேதான் தயாராக ஆரம்பித்தது. 2006-ல் அடுத்த தலைமுறையான செடியா வந்தது. இவர் கதவு மாட்டும் இடத்தில் இருந்தார். ரோட்டில் பழைய லான்சர் போனால் பேச்சை நிறுத்திவிட்டு அதன் கதவு இடைவெளியைத்தான் பார்ப்பார். “எத்தனையோ வண்டிக்குக் கதவு மாட்டினேன்டா, ஒண்ணுல உக்காந்து ஒரு மலை ஏறினதில்ல” என்று பல தடவை சொல்லியிருக்கிறார். போன வருடம் அவருக்கு அறுபதாம் கல்யாணம் ஆனது. அதற்கு என் பங்காக ஒரு செடியாவை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் சுற்றிக் காட்டலாம் என்று நினைத்தேன். முதல் நாள் ஏலகிரி. அடுத்த நாள் ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானியல் ஆய்வகம், அங்கிருந்து ஜமுனாமரத்தூர். மூன்றாம் நாள் போளூர் வழியாக வீடு.

சோஷியல் மீடியாவில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நான்கு படங்கள், நான்கிலும் நம்பர் பிளேட் மறைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன். போனில் பேசியவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். “அண்ணா, இது சும்மா செடியா இல்ல, ஈவோ செட்டப். ரேலில ஜெயிச்ச வண்டி” என்றார். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பெயரை வைத்துத்தான் ஆட்களை இழுக்கிறார்கள். டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை வரிசையாக நான்கு முறை உலக ரேலி சாம்பியன் ஆனது லான்சர் ஈவோ என்ற டர்போ வண்டியில். அதில் நான்கு சக்கரமும் இழுக்கும். திருவள்ளூரில் செய்த செடியா இரண்டு லிட்டர் பெட்ரோல் வண்டி, டர்போ கிடையாது, முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். அதுவும் அருமையான வண்டிதான், நம்மூர் ரேலிகளிலும் ஓடியிருக்கிறது. ஆனால் டிக்கியில் எழுத்து ஒட்டினால் அது ஈவோ ஆகிவிடாது.

நாள் வாடகை 4,500, மூன்று நாளைக்கு 13,500. டெபாசிட் 30,000. என் பைக்கையும் அதன் ஆர்சியையும் அவரிடம் விட்டுவிட்டு வர வேண்டும். வண்டி நம்பர் கேட்டேன். “நேர்ல வந்து பாருங்கண்ணா, வண்டியே உங்க கைலதான் இருக்கப்போகுது” என்று சிரித்தார். அக்ரிமென்ட் கேட்டேன். “நமக்குள்ள எதுக்குண்ணா பேப்பர்?” என்றார். ஜிபேயில் பணம் போடும்போது குறிப்பில் ‘கைமாற்று’ என்று போடச் சொன்னார், இல்லாவிட்டால் வருமான வரிப் பிரச்சினை வருமாம். நானும் அப்படியே போட்டேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வாடகை என்ற வார்த்தையே எந்த எழுத்திலும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் எல்லாம் வாய்ஸ் கால்தான், ஒரு வரி டைப் செய்யவில்லை.

வண்டி கொடுத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, காட்பாடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சந்தில். தெருவிளக்கு இல்லை. செல்போன் டார்ச்சில் சுற்றிவந்து வீடியோ எடுத்தேன். பிறகு போட்டுப் பார்த்தால் சிவப்பாக ஏதோ ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான். நம்பர் பிளேட் வெள்ளை. அப்போதே நான் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டி என்றால் கருப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும், அதற்குத் தனி உரிமமும் பெர்மிட்டும் உண்டு. வெள்ளை பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதைக் காசுக்கு விட்டு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட முடியும். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் சித்தப்பாவின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

சனிக்கிழமை காலை சத்துவாச்சாரி வீட்டு வாசலில் அவர் அந்த வண்டியைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கீலில் விரலை வைத்துப் பார்த்தார். “இந்தக் கதவு ஒருதடவை கழட்டி மாட்டியிருக்காங்க” என்று மட்டும் சொன்னார். சித்தி எங்களை வண்டிமுன் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோதான் இன்று என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

பள்ளிகொண்டா டோலில் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை, ரொக்கமாக இரண்டு மடங்கு கட்டினோம். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டும்வரை வண்டி நன்றாகவே ஓடியது. டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நின்றது. பொன்னேரியில் திரும்பி மலைப்பாதையைப் பிடித்தோம். ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள், சித்தி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் ஒரு பஸ். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினோம். பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டோம், சித்தப்பா என் தோளைத் தொட்டார்.

“முள்ளப் பாருடா.”

முள் சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

“ஏசிய நிறுத்து. ஹீட்டர முழுசா தொற. பதறாத. அந்த வளைவுல இடம் இருக்கு, ஓரங்கட்டு.”

மே மாத வெயிலில் ஹீட்டர் காற்று முகத்தில் அடித்தது. இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அந்த ஹீட்டர் வெளியே இழுத்துவிடும், அதற்காகத்தான் அப்படிச் சொன்னார். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். கையைப் பிடித்துவிட்டார். “இப்ப மூடியைத் தொறந்தா மூஞ்சி வெந்துடும். முக்கால் மணி நேரம் ஆகட்டும்.” சித்தி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் அதிகம் பேசவில்லை.

ஆறிய பிறகு ஈரத்துணியை நான்காக மடித்து மூடிமேல் வைத்து மெதுவாகத் திருகினார். உள்ளே பச்சையோ சிவப்போ கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் கரைத்த மாதிரி துருத்தண்ணீர். அதற்குப் பிறகு காட்டியதுதான் என்னை உட்கார வைத்தது. ரேடியேட்டர் ஃபேனுக்குப் போகும் வயர் சாக்கெட் கழற்றப்பட்டு, கருப்பு டேப் சுற்றி, ஒரு ஓரமாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. டேப்பின் மேல் தூசி படிந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. நேற்று இன்று சுற்றியதில்லை. ஹைவேயில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், ஃபேன் செத்தது தெரியாது. மலையில் இரண்டாவது கியரில் ஏறும்போது காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை. ராத்திரி சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் யார் கண்டுபிடிப்பார்கள்?

காத்திருந்த நேரத்தில் டயரையும் பார்த்தார். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயரில் 2214 என்று இருந்தது. 2014-ம் வருடம் இருபத்திரண்டாவது வாரம் செய்த டயர். ரோட்டில் படும் பட்டன் கட்டைகள் நன்றாகத்தான் தெரிந்தன, ஆனால் பக்கச்சுவரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வண்டி நிற்காமல் இருந்திருந்தால் இதே டயரில்தான் அந்த மலையிலிருந்து இறங்கியிருப்போம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து வண்டி விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டேன். 2008 வண்டி. பதினைந்து வருடப் பதிவு 2023-லேயே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. இன்சூரன்ஸ் அதற்கும் முன்னாலேயே காலாவதி. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு, அது ஓட்டுகிறவருக்கும் சேர்த்துத்தான். ஒரு ஸ்கூட்டர்காரரை இடித்திருந்தால் நஷ்டஈடு முழுக்க நம் தலையில் விழுந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய விஷயம் இது. நம்பர் தராத ஆளிடம் வண்டி எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

ஓனருக்குப் போன் செய்தேன். “தண்ணிய ஊத்தி ஓட்டிக்கினு வாண்ணா, ஒண்ணும் ஆகாது” என்றார். சித்தப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, ‘ஃபேன் மோட்டார் ஓடவில்லை, கனெக்ஷன் கழற்றி டேப் சுற்றப்பட்டுள்ளது’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்ன இன்னொன்று, இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற சீல் போகவில்லை, சரியான நேரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பது. டோ வண்டிக்கு 7,000 கொடுத்து செடியாவை வேலூருக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பஸ் பிடித்து வாணியம்பாடி வந்து வீடு திரும்பினோம். சித்தப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தார். காவலூரையும் பார்க்கவில்லை, ஜமுனாமரத்தூரையும் பார்க்கவில்லை.

மறுநாள் அந்த மரியாதையான குரல் காணாமல் போனது. இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, முன் பம்பரில் புதுக் கீறல், இன்ஜினுக்கு 50,000, பம்பருக்கு 15,000, மொத்தம் 65,000 கொடுத்தால்தான் பைக் கிடைக்கும் என்றார்கள். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றார்கள். சித்தி அன்று ராத்திரி தூங்கவில்லை.

போலீஸில் புகார் கொடுத்தோம், புகாரை வாங்கிக்கொண்டதற்குச் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். இதற்கும் அலைச்சல்தான். வண்டி நின்ற இடம் திருப்பத்தூர் மாவட்டம், பணம் கொடுத்த இடம் வேலூர். 2019-க்கு முன்னால் எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். பணமும் வண்டியும் கை மாறிய இடத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். ஸ்டேஷனில் அவரைக் கூப்பிட்டதும், “வாடகையா? ஃப்ரெண்டுன்னு வண்டி குடுத்தேன் சார், அவர் குடுத்தது கைமாத்து” என்று என் ஜிபே குறிப்பையே எடுத்துக் காட்டினார். பைக் மட்டும் திரும்ப வந்தது. பணத்துக்குக் கோர்ட்டுக்குப் போங்கள் என்றுவிட்டார்கள்.

போகிறேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கால் லிஸ்ட், டோல் ரசீது எதையும் அழிக்காதீர்கள். என் வழக்கில் மெக்கானிக் பில்லையும் சித்தி எடுத்த போட்டோவையும்தான் வக்கீல் முதலில் எடுத்து வைத்தார். அந்தப் போட்டோவில் நேரம் காலை 6:12. நாங்கள் ஏலகிரிக்குக் கிளம்புவதற்கு முன்பே பம்பரின் இடது மூலையில் அந்தக் கீறல் இருக்கிறது.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு நம்பர், வாடகை 5,000 ஆகியிருக்கிறது. நம்பர் பிளேட் மேல் ஒரு துணி போட்டு மூடியிருக்கிறார்கள். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார், பம்பரின் இடது மூலையில் விரலை வைத்தார். என்னிடம் 15,000 கேட்ட அதே கீறல், பெயின்ட்கூட அடிக்காமல் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தையும் பிரிண்ட் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.