வெட்ஜ் மேட்: குழந்தைங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் எடுக்குறவங்க வாங்கலாம், ஆனா ஃபோம அழுத்திப் பாத்து வாங்குங்க

ஸ்கூல்ல சாயங்காலம் சின்னப் பசங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் எடுக்குறேன். ரொம்ப நாளா கேட்டு இந்த வருஷம்தான் மேனேஜ்மென்ட்ல ஒரு வெட்ஜ் மேட் வாங்கிக் குடுத்தாங்க. ஒரு பக்கம் ஒசரமா இருந்து அப்படியே தரையோட சரிஞ்சு வரும்ல, அந்த மேட்தான். நாலடி நீளம், ரெண்டடி அகலம், ஒசரமான பக்கம் 16 இன்ச், மேல ரெக்ஸின் கவர், நடுவுல மடிச்சு ஓரமா வச்சுக்கலாம்.

இதோட முழு அருமையும் பேக்வர்ட் ரோல்லதான், அதாவது பின்பக்கமா உருண்டு எந்திரிக்கிறதுலதான் தெரியும். சமதரையில புதுசா பண்ற புள்ளைங்க முக்காவாசி பேரு பாதியில நின்னுருவாங்க, இடுப்பு தலைக்கு மேல வந்துரும், அதுக்கப்புறம் தள்ளுறதுக்கு கையில பலம் இருக்காது, மொத்த எடையும் மடங்கிக் கெடக்குற கழுத்துல வந்து உக்காந்துரும், புள்ள என்ன பண்ணும், தலைய ஒரு பக்கமா திருப்பி தோள் வழியா தப்பிக்கப் பாக்கும். நான் ரொம்ப பயப்படுற இடமே அதுதான். அந்த நேரத்துல கால புடிச்சு இழுத்து திருப்பி விடுற கோச்சுங்கள நெறைய பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, கழுத்து மேல இன்னும் எடைய ஏத்துறீங்க. ஹெல்ப் பண்ணணும்னா இடுப்ப ரெண்டு பக்கமும் புடிச்சு மேல தூக்குங்க.

வெட்ஜ்ல ஒசரமான பக்கம் உக்காந்து பின்னாடி சாஞ்சா சரிவே உருட்டிக் கொண்டுபோயிரும், கால் வந்து எறங்குற எடம் தலை இருக்குற எடத்தவிட கீழ இருக்குறதால கையால லேசா தள்ளினாலே தலை வெளிய வந்துரும். உள்ளங்கை காதுகிட்ட, கட்டைவிரல் கழுத்தப் பாத்து, முழங்கை வெளிய விரியாம, தாடை நெஞ்சோட ஒட்டி, அவ்ளோதான். எப்பவும் பாதியில நின்னு அழுதுட்டு இருந்த ஒரு பாப்பா இதுல உருண்டு எந்திரிச்சு நின்னு "சார், கழுத்து வலிக்கவே இல்ல சார்"னு சொல்லிச்சு, காசு அப்பவே வசூல் ஆயிருச்சு.

மல்லாந்து கையும் காலும் ஊனி வில்லு மாதிரி ஒடம்ப தூக்குற பிரிட்ஜுக்கும் நல்லா உதவுது. தோள் இறுக்கமா இருக்குற புள்ளைங்க வளையுறதெல்லாம் கீழ்முதுகுலயே வளைவாங்க, வருஷக்கணக்கா அப்படியே பண்ணா முதுகெலும்புல விரிசல் வரைக்கும் போகும். கால மேட் மேல வச்சு கைய தரையில ஊனச் சொல்லுங்க, தோள் நல்லா தொறக்கும், கீழ்முதுகுல வளைவு கொறையும்.

இப்ப ஃபோம் விஷயம். மெத்துனு இருந்தா சேஃப்டினு நெனச்சு வாங்குறாங்க, கைய ஊனுற மேட்டுக்கு அது நேர் எதிர். மெத்துனு இருந்தா உள்ளங்கையோட அடிப்பகுதி உள்ள அமுங்கிரும், மணிக்கட்டு 90 டிகிரிக்கு மேல பின்னாடி மடங்கும், வளர்ற வயசுல மணிக்கட்டுகிட்ட எலும்பு வளர்ற பகுதி இன்னும் குருத்தாதான் இருக்கும், அடி வாங்குறது அங்கதான். அதனால குதிகாலால ஏறி நின்னு பாருங்க, ரொம்ப அமுங்கினா வேணாம். எங்களுக்கு வந்தது நடுவுல நல்லா கெட்டியா இருக்கு, ஓரம் மட்டும் கொஞ்சம் லூசு, அதனால ஓரத்துல கை வைக்கவே விடுறதில்ல.

இன்னொண்ணு, இது குதிச்சு எறங்குற மேட் இல்ல. சரிவுல எறங்குனா கணுக்கால் பெரண்டுரும். போட்டிகள்ல எறங்குறதுக்குன்னே தனியா 20 சென்டிமீட்டர் கனத்துல தட்டையான லேண்டிங் மேட் போடுவாங்க, டபுள் சாமர்சால்ட், அதாவது அந்தரத்துல ரெண்டு குட்டிக்கரணம் போட்டு எறங்குறப்ப ஒடம்பு எடை மாதிரி பத்து மடங்குக்கு மேல கூட விசை காலுக்கு வரும். லேண்டிங்க தனியா தட்டையான மேட்லதான் சொல்லித் தரணும், முன்பாதம் பட்டு குதிகால் எறங்கி, முட்டியும் இடுப்பும் மடங்கி, முட்டி உள்பக்கம் சாயாம கால்விரல் பாத்த தெசையிலயே இருக்கணும்.

நம்ம ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வால்ட் ஃபைனல்ல 15.066 பாயின்ட் எடுத்து நாலாவது வந்தாங்க, அகர்தலால அவங்க கோச் பிஸ்வேஸ்வர் நந்தி பழைய ஸ்கூட்டர் பார்ட்ஸ வச்சு சாமான் செஞ்சு குடுத்தாருனு எல்லாரும் படிச்சிருப்பாங்க. அதச் சொல்லியே எக்விப்மென்ட் எதுக்கு, கிரவுண்டுல மண்ணுல பண்ண வைங்கனு பேசுற மேனேஜ்மென்ட் உண்டு. நல்ல சாமான் இல்லனுதானே அந்த மனுஷன் அவ்ளோ பாடுபட்டு தானே செஞ்சாரு?

கொறைனு பாத்தா ரெண்டு. டைல்ஸ் தரையில வழுக்கிட்டுப் போகுது, அடியில கிரிப் கெடையாது, நாங்க கீழ ரப்பர் ஷீட் விரிச்சுக்கிட்டோம். அடுத்தது வேர்வை பட்டா ரெக்ஸின் வழவழனு ஆயிரும், ஒவ்வொரு பேட்சுக்கும் நடுவுல துணியால தொடைக்கணும். ஜிப்பு மேல துணி மூடி இருக்குறதானு கேட்டு வாங்குங்க, இல்லனா உருளுறப்ப முதுகுல கீறும். வீட்டுக்கு வாங்குற பேரன்ட்ஸ் முன்னாடி பின்னாடி தரையில சாதா மேட் ஒண்ணு சேத்து வாங்கிக்கங்க, பக்கத்துல ஆள் இல்லாம பண்ண விடாதீங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், அடியில கிரிப் போட்டிருந்தா அந்த ஒண்ணையும் குடுத்திருப்பேன்.