டெர்மாஸ்கோப் என்று சொல்லி 42,500 ரூபாய்க்கு வெறும் பூதக்கண்ணாடி! சேலம், ஏற்காடு பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்கள் கவனம்

இன்று காலை பத்தரைக்கு அதை விற்ற கடை ஆளிடம் கடைசியாகப் போனில் பேசினேன். "மேடம், பில்லுல என்ன இருக்கோ அதத்தான் குடுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாக்கியம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெர்மாஸ்கோப் என்றால் தோலில் இருக்கும் புள்ளியைப் பெரிதாக்கி, மேல் பளபளப்பை நீக்கி உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி. போனது 42,500 ரூபாய். எந்தக் கடை என்று இங்கே எழுதவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். சேலத்தில் டாக்டர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் கருவி விற்கிற கடை, அவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு டெர்மாஸ்கோப்பை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டில் சின்ன கிளினிக் நடத்துகிறேன். தோல் மருத்துவர் இல்லை, பொது மருத்துவம்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அரிப்பு, தேமல், படை, பூச்சிக்கடி என்று தினமும் நாலு பேராவது தோலைக் காட்ட வருவார்கள். "சேலம் போய்த் தோல் டாக்டரப் பாருங்க" என்று சொல்வது எனக்குச் சுலபம். அவர்களுக்கு அது ஒரு நாள் கூலி போவது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்துவிடும், சாயங்காலம் அதே வளைவுகளில் திரும்பி ஏற வேண்டும். அதனால்தான் ஒரு டெர்மாஸ்கோப் வாங்கிவிட்டால், சந்தேகமான புள்ளிகளைப் படம் எடுத்து, சேலத்தில் தோல் மருத்துவராக இருக்கும் என் சீனியர் அக்காவுக்கு அனுப்பலாம், அவசியமானவர்களை மட்டும் கீழே அனுப்பலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் சேர்த்த பணம் அது.

அந்தக் கடையின் விற்பனை ஆள் மழை நாளில் பைக்கில் ஏறி வந்தார். முதுகு முழுக்க நனைந்திருந்தது. பையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு மனம் இளகிவிட்டது, துண்டு கொடுத்தேன், காப்பி போட்டுக் கொடுத்தேன். கருவியை எடுத்து என் முன்கையில் இருக்கும் மச்சத்தின் மேல் வைத்தார். போன் திரையில் அந்த மச்சம் தேன்கூடு மாதிரி விரிந்தது. மெல்லிய பழுப்புக் கோடுகள், நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள். "இந்தப் பட்டனத் தட்டுனா போலரைஸ்டு லைட் மேடம், தோல் மேல இருக்கற பளபளப்பு போயிடும், உள்ள இருக்கறது தெரியும். எண்ணெய் வேண்டாம், ஜெல் வேண்டாம், தொடக்கூட வேண்டாம்." தட்டினார். பளபளப்பு போனது, கோடுகள் நின்றன. நாற்பது வருடமாக என் கையில் இருக்கும் மச்சத்தை அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிற மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து 42,500 ரூபாயை ஜிபே பண்ணிவிட்டேன். "இது டெமோ பீஸ் மேடம், உங்களுக்குப் புதுசு கூரியர்ல வந்துடும்" என்றார். அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. பார்க்க டெமோ மாதிரியேதான் இருந்தது, கையில் எடுத்தால் எடை குறைவு. முன்னால் கண்ணாடித் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் வளையம். பட்டன் இருந்தது, தட்டினால் வெளிச்சம் கொஞ்சம் கூடியது, குறைந்தது. புது மாடல் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேசை டிராயரில் வைத்துவிட்டேன். அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் குழந்தை வந்தாள். மூன்று வயது. முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் பழுப்புப் புள்ளிகள், சில மிளகு அளவு, சில காப்பிக்கொட்டை அளவு. அம்மா சொன்னார்: "சூட்டுக் கட்டின்னு நெனச்சு வேப்பிலை அரைச்சுப் போட்டேன் டாக்டரம்மா. கொசுக்கடின்னு ஒருத்தர் சொன்னாங்க, சொறின்னு ஒருத்தர் மருந்து குடுத்தாங்க. குளிப்பாட்டித் துண்டால தொடச்சா மட்டும் புசுபுசுன்னு வீங்குதுங்க." கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியால் ஒரே ஒரு புள்ளியின் மேல் மெதுவாக நாலைந்து முறை வருடினேன். சில நிமிடத்தில் அது தடித்து எழுந்தது, சுற்றிலும் சிவந்தது. டேரியர் அடையாளம் என்று படித்தது இதுதான். பிரெஞ்சு தோல் மருத்துவர் ழான் டேரியர் பெயரால் வழங்குவது. அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் தோலில் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும், தேய்த்தால் அவற்றிலிருந்து ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளியேறும், அதனால் வீக்கம். இது மாஸ்டோசைட்டோசிஸ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தேன்.

இந்தப் புள்ளிகளை டெர்மாஸ்கோப்பில் பார்த்தால் பொதுவாக நான்கு விதமாகத் தெரியும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். வெளிர் பழுப்புத் திட்டு, பழுப்பு நிற வலை, வலை போல் பின்னிய மெல்லிய ரத்தக் குழாய்கள், அப்புறம் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த திட்டு. கடைசியாகச் சொன்னது குழந்தைகளுக்கு ஒற்றைக் கட்டியாக வரும் மாஸ்டோசைட்டோமாவில் பார்ப்பது. இவளுக்கு இருந்த மாதிரிப் புள்ளிகளில் பெரும்பாலும் முதல் இரண்டு. நான் வலையைத் தேடினேன். திரையில் தெரிந்தது வெள்ளை ஒளிவட்டம், எண்ணெய் பூசின தட்டில் டியூப்லைட் விழுந்த மாதிரி. அடியில் மங்கலான பழுப்பு. கோடும் இல்லை, கட்டமும் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். அதே ஆள்தான் எடுத்தார். "எண்ணெய் தடவி நல்லா அழுத்திப் பிடிங்க மேடம், தெரியும்." தொடக்கூட வேண்டாம் என்று சொன்ன அதே வாய்! நானும் அழுத்தினேன். இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை. தேய்த்தால், அழுத்தினால் வீங்கும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என் கையாலேயே பார்த்தவள் நான். பிளாஸ்டிக் வளையம் பட்ட இடத்தில் இருந்த புள்ளிகள் எல்லாம் வரிசையாகத் தடித்து எழுந்தன, முதுகில் பாதி வட்டம் போட்ட மாதிரி. குழந்தை அரிப்புத் தாங்காமல் அம்மாவின் தோளில் முதுகைத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க இன்னும் வீங்கியது. செட்ரிசின் கொடுத்து, ஈரத்துணி போட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடங்கிவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலை தெரியவில்லையே, ஒருவேளை வேறு ஏதாவது அலர்ஜியோ என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது. பொய்க் கருவியை நம்பி, கண்ணால் பார்த்ததைச் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் அவர்களை என் காரிலேயே கூட்டிக்கொண்டு சேலம் இறங்கினேன். அக்கா தன்னுடைய டெர்மாஸ்கோப்பை எடுத்து, தோலைத் தொடாமல், அரை அங்குலம் தள்ளிப் பிடித்தார். வலை இருந்தது. வெளிர் பழுப்பின் மேல் சீராகப் பின்னிய மெல்லிய கோடுகள். மாஸ்ட் செல்கள் இருக்கும் இடத்தில் மேல்தோலின் அடி அடுக்கில் நிறமி கூடுவதால் வருவது அது. "வல தெரிஞ்சதும் முடிவு பண்ணிடாத, மச்சத்துலயும் வல உண்டு. டேரியர் வந்திருக்கு, பரவியிருக்கற விதமும் பொருந்துது, அதோட சேத்துப் பாத்தாத்தான் இதுக்கு மதிப்பு" என்றார். தொடாமல் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் சொன்னார். அழுத்திப் பிடித்தால் ரத்தக் குழாய்கள் வெளுத்துப்போகும், பெரியவர்களுக்கு வரும் ஒரு வகையில் அந்தக் குழாய் வலைதான் முக்கியமான அடையாளம், அதுவே மறைந்துவிடும். பிறகு ஒரு சின்னத் துண்டு தோல் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார், ரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்களிலிருந்து வரும் ஒரு நொதி) பார்க்கவும் எழுதினார்.

என் கருவியைக் கையில் வாங்கியவர், பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய டெர்மாஸ்கோப்பில் போலரைஸ்டு பட்டனைத் தட்டியதும் நாணயத்தின் பளபளப்பு அடங்கி, சிலேட்டு மாதிரி கறுத்தது. என்னுடையதில் இரண்டு நிலையிலும் கண் கூசியது. "இதுல போலரைஸ்டு ஃபில்டரே இல்லடி. லென்ஸ், சுத்தி நாலு எல்இடி, அவ்வளவுதான்." 42,500 ரூபாய்க்கு லென்ஸும் நாலு எல்இடியும்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தாலே வயிறு எரிகிறது. முதல் போனில் "முழுசா சார்ஜ் போட்டுப் பாருங்க." இரண்டாவதில் "உங்க போன் கேமரா செட் ஆகல." மூன்றாவதில் "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்." பிறகு மேனேஜர் லீவு, பிறகு கோயம்புத்தூர் குடோனில் ஸ்டாக் எடுக்கிறார்கள். நேரில் போனேன். டீ வரவழைத்தார்கள், ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், டெமோ பீஸை எடுங்கள் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றதும் "அது வேற டாக்டர்கிட்ட போயிருக்கு" என்றார்கள். கல்லாவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "டாக்டரா இருந்துக்கிட்டு 42 ஆயிரத்துக்கு இவ்ளோ அலையறீங்களே மேடம்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். நான் ஒரு ஆளுக்கு வாங்கும் ஃபீஸ் நூறு ரூபாய். இந்தப் பணம் 425 பேரை உட்கார வைத்துப் பார்த்த பணம்.

வீட்டுக்கு வந்துதான் பில்லை ஒழுங்காகப் படித்தேன். "ஸ்கின் மேக்னிஃபையர் – 1" என்று இருக்கிறது. டெர்மாஸ்கோப் என்ற சொல்லே இல்லை, மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை. இன்று காலை கடை ஆள் போனில் சொன்ன பதில் இதை வைத்துத்தான்.

ஒரு கருவிக்கு இவ்வளவு ஆத்திரமா என்று தோன்றலாம். இந்தக் குழந்தை காப்பிக்காட்டுக்கு நடுவில் வளர்கிறாள். தேனீயும் குளவியும் அங்கே அன்றாடம். மாஸ்டோசைட்டோசிஸ் இருப்பவர்களில் சிலருக்கு ஒரு கொட்டே ஆபத்தாகலாம். காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரூஃபன் சிரப், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன், கொதிக்கக் கொதிக்கக் குளியல், அழுத்தித் தேய்ப்பது எல்லாம் சிலருக்கு மாஸ்ட் செல்களைக் கிளப்பிவிடும். ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தோலோடு நிற்கும் வகை பெரும்பாலும் வயது ஏற ஏறக் குறைந்துவிடும், அந்த அம்மாவுக்கு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் நோயின் பெயர் தெரிந்தால்தானே கவனமாக இருக்க முடியும். அலர்ஜி என்று நான் எழுதி அனுப்பியிருந்தால்?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், வெளியே பெஞ்சில் ஆள் சேர்ந்துவிட்டார்கள். அவசரமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்குமுன் நாணயத்தை வைத்துப் பாருங்கள், டெமோவில் இல்லை, உங்களுக்கு வரும் பெட்டியில். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. பில்லில் டெர்மாஸ்கோப் என்ற பெயரும் மாடல், சீரியல் எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள். மாஸ்டோசைட்டோசிஸ் சந்தேகம் இருந்தால் எந்தக் கருவியையும் அழுத்தாதீர்கள், யார் போனில் சொன்னாலும். ஏமாந்துவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

1915-இல் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை கிளினிக்குக்கு லீவு விட்டு, பெட்டி, பில், ஜிபே ரசீது எல்லாவற்றோடும் சேலம் இறங்குகிறேன். இதே ஆள் பைக்கில் வந்து உங்கள் கை மச்சத்தைக் காட்டிவிட்டுப் போயிருந்தால், பணம் கட்டுமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கட்டி ஏமாந்தவர்கள் இருந்தாலும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.