ஆறு ஆண்டுப் பாராமெட்ரிக் பழக்கமும் அறுந்துபோன ஒரு விளிம்பும்

ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் நெடுங்காலமாகக் கோடுகளாக வரைந்துவரும் நண்பர் ஒருவர், அளவுகளையும் கட்டுப்பாடுகளையும் கொண்டு முப்பரிமாண மாதிரியைக் கட்டும் பாராமெட்ரிக் மாடலிங்குக்கு மாறலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஒரு கியர்பாக்ஸ் மூடியின் கோப்பைச் சரிசெய்வதில் நான் ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்திருந்த வேளை அது. ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

மூடியின் ஒரு பக்கத்தில் கேபிள் செல்ல 12 மி.மீ. அகலத்தில் ஒரு வெட்டு கேட்டார்கள். அதை மாதிரிக்கு அடியான தட்டை வரைவில், அதாவது அடிப்படை ஸ்கெட்சிலேயே சேர்த்தேன். ஒன்றாக இருந்த விளிம்பு இரண்டாகப் பிரிந்தது. அதைப் பற்றியிருந்த ஃபில்லட் (விளிம்பை வளைவாக்கும் படி) அறுந்தது, ஃபில்லட்டைப் பற்றியிருந்த ஷெல் (உட்புறத்தைக் குடைந்து சுவரை மட்டும் விடும் படி) விழுந்தது, அதன்மேல் நின்ற ரிப்கள் (சுவரைத் தாங்கும் விலாக்கள்) காணாமற்போயின. செய்த படிகளை வரிசையாகக் காட்டும் ஃபீச்சர் ட்ரீ, பிழைக்குறிகளால் அடிவரை சிவந்துவிட்டது. நம் கண்ணுக்கு அது பழைய விளிம்புதான். மென்பொருளோ விளிம்பைத் தான் உள்ளுக்குள் இட்ட பெயரால் மட்டுமே அறிகிறது. மறுகணக்கீட்டில் அந்தப் பெயர் மாறிவிட்டால், எதை வளைக்கச் சொன்னோம் என்பதே அதற்குத் தெரிவதில்லை. 'டோபலாஜிக்கல் நேமிங்' என்று அழைக்கப்படும் இந்தச் சிக்கலைத் தணிக்கும் ஏற்பாடு ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருளுக்கு 2024இல் வெளிவந்த 1.0 பதிப்பில்தான் கிடைத்தது. விலைகொடுத்து வாங்கிய என் மென்பொருளும் இந்நோய்க்கு விலக்கன்று.

நியாயமாகப் பார்த்தால் பாதிப் பிழை என்னுடையது. ஃபில்லட்டுகளைக் கடைசியில் இட வேண்டும், ஸ்கெட்சுகளை விளிம்புகளில் கட்டாமல் அடிப்படைத் தளங்களில் கட்ட வேண்டும் என்ற விதிகளை அறிந்தே மீறியிருந்தேன். ஆனாலும், எந்தக் கோட்டை முதலில் வரைந்தாய் என்று கேட்டுத் தண்டிக்கும் வழக்கம் நண்பர் பயன்படுத்தும் டிராஃப்டிங் (கோட்டு வரைபட) மென்பொருளுக்குக் கிடையாது.

அதன் குற்றம் வேறு. அது எதையும் கேட்பதே இல்லை. முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் அங்கே ஒன்றையொன்று அறியாத கோட்டுக் கூட்டங்கள். முன்பு ஒரு பாஸின் (பரப்பிலிருந்து எழும் குமிழின்) உயரத்தை முன்தோற்றத்தில் 40இலிருந்து 42 ஆக்கிவிட்டுப் பக்கத்தோற்றத்தை மறந்தேன். பொருள் 40இலேயே கடைந்து வந்தது. கோட்டை நகர்த்தச் சோம்பி, அளவின் எழுத்தை மட்டும் மாற்றி வைத்த வரைபடங்களையும் பார்த்திருக்கிறேன். அச்சிட்ட தாளில் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பாராமெட்ரிக்கில் எல்லாத் தோற்றங்களும் ஒரே மாதிரியிலிருந்து பிறப்பவை. ஓர் எண்ணை மாற்றினால் தோற்றங்களும் வெட்டுமுகமும் உறுப்புகள் கூடிய அசெம்பிளியும் உடன் மாறுகின்றன. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் காட்சி எனக்கு அலுக்கவில்லை.

கோடுகளுக்கு இணை, செங்குத்து என்று கட்டுப்பாடு விதிக்கும் எண்ணம் 1963இல் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே இருந்தது. ஆட்டோகேடுக்கு அது 2010 பதிப்பில் வந்தது. நண்பர் இன்றுவரை அதற்கான கருவிப் பட்டையைத் திறந்ததில்லை. முதலில் அதைத் திறந்து பார்க்கட்டும்.

அவருடைய வேலை பெரும்பாலும் தகடு வெட்டும் வடிவங்கள். ஒருமுறை வரைந்தால் மறுமுறை திரும்பி வராதவை. அதற்கு ஃபீச்சர் ட்ரீயை வளர்ப்பது வீண் உழைப்பு. மேலே எழுதிய புகழ்ச்சி அனைத்தும் உண்மை என்றாலும், மாற வேண்டாம் என்பதே அவருக்கு என் பதில். எனக்கு இப்போது அந்த மூடியின் கோப்பைத் திறக்க வேண்டும். போல்ட் துளைகளை ஆறிலிருந்து எட்டாக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் எண்ணை மாற்றினால் போதும், ரிப்கள் பிழைத்திருந்தால்.