மூன்று விரல் மீட்டல்: 8 வாரக் காணொளிப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

11 ஆண்டுகளாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து பேஸ் கித்தார் வாசித்துவந்த எனக்கு, வேகமான பாட்டுகளில் முன்கை இறுகிப்போகும் தொல்லை இருந்ததால், மோதிர விரலையும் சேர்த்து மீட்டக் கற்பிக்கும் 8 வாரக் காணொளிப் பயிற்சி ஒன்றை வாங்கினேன். அதை முழுவதும் பார்த்து, பெரும்பகுதியைப் பழகிய பிறகே இதை எழுதுகிறேன்.

விளம்பரம் வேகத்தைப் பற்றியே பேசுகிறது. கணக்கு பொய்யில்லை. தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வைத்து, தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு 8 சுரம் வரும். இரண்டு விரல்கள் என்றால் ஒவ்வொன்றும் நொடிக்கு 4 முறை தந்தியைத் தொட வேண்டும், மூன்று என்றால் 3 முறைகூட வேண்டியதில்லை. ஆனால் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ், தன் வேகமான குதிரைப் பாய்ச்சல் தாளத்தை இரண்டு விரல்களால்தான் வாசிக்கிறார் என்பதால், வேகத்துக்காக மட்டும் இதை வாங்க நினைப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

கொடுத்த காசுக்குப் பயன் தந்தது மூன்றாம் வாரப் பாடம். மூன்று விரல் மீட்டலுக்குப் பேர்போன பேஸ் கலைஞர் பில்லி ஷீஹனைப் போல மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்ற வரிசையில் மீட்டும்போது, ‘தகிட’ என்று வரும் இடங்களில் கை தானாக ஓடுகிறது. ‘தகதிமி’ என்று நான்காக வந்தால்தான் சிக்கல். முதல் தட்டு மோதிர விரலில் விழுந்தால் இரண்டாவது நடுவிரலிலும் மூன்றாவது ஆள்காட்டி விரலிலும் விழுந்து, 12 சுரங்களுக்குப் பிறகே அழுத்தம் மீண்டும் மோதிர விரலுக்கு வருகிறது. ஆசிரியர் இதற்காக மெட்ரோனோமை 50-க்கு இறக்கி, ஒரே சுரத்தை வாசித்துப் பதிவுசெய்து கேட்கச் சொல்கிறார். என் பதிவின் ஒலி அலையைத் திரையில் விரித்துப் பார்த்தபோது, மூன்றுக்கு ஒரு முகடு குட்டையாக நின்றது. சந்தேகமே இல்லாமல் மோதிர விரல்தான். அதன் தசைநாண் புறங்கையில் நடுவிரலின் தசைநாணோடு பிணைந்திருப்பதால் அது தனித்து இயங்கத் தயங்குகிறது என்பதை விளக்கி, நீளமான நடுவிரலைச் சற்றுக் கூடுதலாக மடக்கி மூன்று நுனிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தும் விதத்தை மிக அருகிலிருந்து படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு காட்சியை எத்தனை முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன் என்று நினைவில்லை.

மோதிரம், நடு, ஆள்காட்டி, மீண்டும் நடு என்ற நான்கு சுர வரிசையை இரண்டே நிமிடங்களில் ஒதுக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதிச் சுமை நடுவிரலின் மேல் விழுவது உண்மைதான் என்றாலும், ஒவ்வொரு தட்டும் ஒரே விரலில் தொடங்குவதால் புதிதாகப் பழகுபவருக்கு லயம் பிசகாமல் இருக்கிறது.

பெரிய குறை, தேவையற்ற தந்திகளின் அதிர்வை அடக்குவது பற்றியது. ஆறு வாரங்களுக்குக் கட்டைவிரலை பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) மேலேயே ஊன்றி வாசித்துக்காட்டிவிட்டு, மெல்லிய தந்திகளுக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து தடித்த தந்திகளின் மேல் படிந்திருக்க வேண்டும் என்பதை ஏழாம் வாரத்தில் போகிறபோக்கில் சொல்கிறார்கள். அதற்குள் என் கை வேறு விதமாகப் பழகிவிட்டிருந்தது. பழகியதை மாற்றுவதற்கே பத்து நாளானது. இன்னொன்று, பாடங்கள் நெடுகிலும் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருக்கிறது. விரல்கள் சமமாக மீட்டுகின்றனவா என்று காதால் அறிய வேண்டிய பாடத்தில், பெரிதையும் சிறிதையும் சமப்படுத்திவிடும் கருவிக்கு என்ன வேலை?

இரண்டு விரல்களில் இன்னும் சீர் வராதவர்களுக்கு இது உதவாது. சீர் வந்தவர்கள் முதல் இரண்டு வாரங்களை வேகமாகக் கடந்துவிடலாம். எட்டாம் வாரப் பாடம் 160-இல் ஓடுகிறது. நான் இன்னும் கம்ப்ரெஸர் இல்லாத ஆம்ப்பில் மூன்றாம் வாரப் பயிற்சியை 90-இல் வாசித்துக்கொண்டிருக்கிறேன், முன்கை இறுகுவதில்லை.