மைலேஜ் சர்வீஸ் என்று 17,098 ரூபாய் வாங்கினார்கள்: திருப்பூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

என் நாத்தனாரும் பக்கத்து வீட்டு அக்காவும் நான் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 28,000 ரூபாய்க்கு மேல் போனது. என் பணம் போனதைவிட அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி நான்கு வருஷம், ஓடியது 38,000 கி.மீ. பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும் ஹேங்டேகும் சப்ளை செய்கிறேன். காலையில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அப்புறம் பி.என். ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ், அங்கிருந்து மங்கலம் ரோட்டில் பிரிண்டிங் யூனிட், மத்தியானம் வீடு, சாயங்காலம் வீரபாண்டிப் பக்கம் ஒரு செக்கிங் யூனிட். ஒவ்வொரு ஓட்டமும் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். நாள் முழுக்கச் சேர்த்தால் 30 கி.மீ. வரும். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் ஆறு மணிக்கு மாட்டியவர்களுக்கு அந்த 30 கி.மீ. எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது லிட்டருக்கு 21 கி.மீ. என்று சொன்னார்கள். வண்டியில் மைலேஜ் காட்டுகிற ஆவரேஜ் மீட்டரில் 10.4 காட்டியது. பாதிதான். எல்லோரும் "இன்ஜினைப் பாருங்க" என்றார்கள். நானும் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, மைலேஜுக்கென்றே சர்வீஸ் செய்வதாக போர்டு வைத்திருந்த இடத்துக்குப் போனேன். பெயரை எழுதப்போவதில்லை. இந்த வித்தை ஒரு கடையோடு நிற்கிறது என்று நான் நம்பவில்லை.

அங்கிருந்த பையன் நல்ல மரியாதையாகத்தான் பேசினான். ஸ்கேனரை மாட்டி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்பன் புடிச்சிருக்குதுங்க்கா, இன்ஜெக்டர் அடைச்சிருக்குது, பிளக்கும் போயிருச்சு. இதுல இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் வேற. எல்லாம் பண்ணிட்டீங்கன்னா பதினெட்டு கண்டிப்பா வரும்" என்றான். நான் வண்டியை எப்படி ஓட்டுகிறேன், ஒரு ஓட்டம் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பில்லை அப்படியே தருகிறேன். இன்ஜெக்டர் கிளீனிங் 3,800. த்ராட்டில் பாடி 1,450. இன்ஜின் டிகார்பனைசிங் 4,500. நான்கு பிளக் 2,360. ஏர் ஃபில்டர் 480. பெட்ரோலிலும் ஆயிலிலும் ஊற்றுகிற மருந்து 1,900. 18 சதவீத வரி சேர்த்து 17,098 ரூபாய்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் "வாங்கக்கா, ஓட்டிக் காட்டுறேன்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். ஏறி உட்கார்ந்ததும் ஆவரேஜ் மீட்டரை அழுத்திப்பிடித்துச் சுழியம் ஆக்கினான். "இன்ஜின் சத்தம் கேட்கணும்" என்று ஏசியை அணைத்தான். ஆனால் ஊருக்குள் போகவில்லை. பெருமாநல்லூர் போய் பைபாஸில் ஏறி, ஐந்தாவது கியரில் 65 கி.மீ. வேகத்தில் ஆடாமல் அசையாமல் செங்கப்பள்ளிப் பக்கம் வரை ஓட்டினான். மீட்டர் ஏறிக்கொண்டே போய் 18.9 காட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கேயே ஜி-பே பண்ணினேன். சாயங்காலம் நாத்தனாருக்கு போன் போட்டு நம்பரும் கொடுத்தேன்.

இன்ஜின் சூடேறிய பிறகு, ஏசி இல்லாமல், பைபாஸில் 65-ல் ஒரே சீராக ஓட்டினால் சர்வீஸே செய்யாத என் வண்டியும் அதே 18-ஐக் கொடுக்கும். சென்ற தைப்பூசத்துக்குப் பழனி போய் வந்தபோது கொடுத்தது. அந்தக் கணக்கு வீட்டு டைரியிலேயே இருக்கிறது. அவன் காட்டியது பைபாஸின் மைலேஜ். நான் அதைச் சர்வீஸின் மைலேஜ் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டியதும் மீட்டர் 10.8-க்கு வந்துவிட்டது. திரும்பப் போனேன். இந்தத் தடவை "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்குதுங்க்கா, மாத்தணும்" என்று 42,000-க்கு எஸ்டிமேட் எழுதினான். சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற பாகம் அது. அது அடைத்துக்கொண்டால் புகை வெளியே போக முடியாமல் வண்டி இழுவையே இல்லாமல் போகும். அதற்கு முந்தின ஞாயிறுதான் ஐந்து பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, சென்னிமலை மலைப்பாதையில் சிரமமில்லாமல் ஏறிய வண்டி இது. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் சின்ன மாமனார் ஊத்துக்குளியில் முப்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக். சொந்தக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று முதலிலேயே அவரிடம் போகாமல் இருந்துவிட்டேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா. இந்த போல்ட்டெல்லாம் பாரு. இன்ஜெக்டரக் கழட்டோணும்னா இந்த ரெயிலக் கழட்டாம முடியாது. இதுல ஸ்பேனரே படலியே, கம்பெனியில போட்ட அழுக்கு அப்படியே ஒட்டியிருக்குது பாரு." பிளக்கைக் கழற்றினார். நான்கும் பழையவை. 2,360 ரூபாய் வாங்கிவிட்டு ஒரு பிளக்கைக்கூட மாற்றவில்லை. எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது.

டிகார்பனைசிங் பற்றிக் கேட்டேன். என் வண்டியில் பெட்ரோல், காற்று உள்ளே போகிற இன்டேக் வால்வின் பின்புறத்தில் பீய்ச்சப்படுகிறது. அதனால் வால்வு தன்னாலேயே கழுவப்பட்டுக்கொண்டிருக்கும். 38,000 கிலோமீட்டருக்குள் அதற்கு அவசரமே இல்லை என்றார். எத்தனால் கதையில் பாதி உண்மை. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அது 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வடிவமைப்பிலான கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் 21 இருக்க வேண்டியது 10 ஆனதற்கு அது காரணமாகாது. எந்த மருந்தை ஊற்றினாலும் பெட்ரோலில் இல்லாத சக்தி வரவும் வராது.

அப்படியானால் என் பெட்ரோல் எங்கேதான் போகிறது? மாமா தன் ஸ்கேனரை மாட்டிவிட்டு, "நீ தெனமும் போற மாதிரியே ஓட்டு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அரை நாள் என்னோடு திருப்பூர் முழுக்கச் சுற்றினார். அந்த அரை நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில், நிற்கிற நேரம். பிரிண்டிங் யூனிட் வாசலில் வவுச்சருக்காகக் காத்திருப்பேன், வெயிலுக்கு ஏசி ஓடும். சிக்னல், பாலத்து நெரிசல், பள்ளிக்கூட வாசல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் சக்கரம் சுற்றாமல் இன்ஜின் மட்டும் ஓடுகிறது என்று கணக்கு வந்தது. ஏசியோடு சும்மா நிற்கும் சின்ன பெட்ரோல் வண்டி மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். நான் நாளைக்குப் போடுவதே மூன்று லிட்டருக்குள்தான். அதில் முக்கால் லிட்டருக்கு மேல் ஒரு அடிகூட நகராமல் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து, பிரேக். பிளஸ் டூ படிக்கிற என் பெண் இதைக் கணக்குப் போட்டே காட்டினாள். ஒரு டன் எடையுள்ள காரை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த வேகம் முழுக்கப் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. இன்ஜின் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அப்படி நூறு தடவை வேகம் பிடித்து நிற்பதற்கே ஒரு லிட்டர் ஆகிவிடுகிறது. குமரன் ரோட்டில் ஒரு சாயங்காலம் போய் வந்தால் நூறில் எத்தனை தீரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முன்னால் பஸ் நிற்பது தெரிந்தும் ஆக்சிலேட்டரை மிதித்துப் போய்ப் பிரேக் அடிக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. மாமா அரை நாளில் நாலு தடவை அதைச் சொன்னார்.

மூன்றாவது, இன்ஜின் சூடு. குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊட்டும். நாலு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் சூடேறி முடிக்கும்போதே இடம் வந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும்போது மறுபடி முதலிலிருந்து. இதில்தான் என் வண்டியில் நிஜமான கோளாறு ஒன்றும் இருந்தது. எட்டு கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் ஸ்கேனரில் கூலன்ட் சூடு 63 டிகிரியைத் தாண்டவில்லை. 80-ஐத் தாண்டி நிற்க வேண்டும். இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் ரேடியேட்டர் எந்நேரமும் இன்ஜினைக் குளிர்வித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது, நீல விளக்கு மட்டும்தான். அது முன்பு ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அணைந்துவிடும். சில மாதங்களாக ஸ்கூல் வரை எரிந்துகொண்டே வந்தது. பார்த்தேன், ஆனால் என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டேன். உங்கள் வண்டியிலும் அது நீண்ட நேரம் எரிந்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 17,098 ரூபாய் வாங்கியவர்கள் மாட்டிய ஸ்கேனரிலும் இந்த எண் தெரிந்திருக்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே பார்த்திருந்தால்!

தெர்மோஸ்டாட், புதுக் கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். டயரில் காற்று 24 இருந்தது. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில் டயர் காற்று பார்த்ததாக டிக் அடித்திருந்தார்கள்.

அந்த 21 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை, ஆனால் நம் ஊர் ரோட்டில் எடுத்ததும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசி இல்லாமல், வகுத்துவைத்த வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டி எடுக்கிற எண். அதில் சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல். என் அரை நாள் ஓட்டத்தில் மாமா குறித்த சராசரி 14. அந்த 21-ஐ மனதில் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓடுகிற வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போதே ஏமாறத் தயாராகத்தான் போகிறோம்.

மைலேஜ் பார்க்க வேண்டுமென்றால் மீட்டரை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கிக்கொள்ளுங்கள். முந்நூறு கிலோமீட்டராவது வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இப்படி இரண்டு தடவை எடுத்த எண் கையில் இல்லாமல் யாரிடமும் மைலேஜ் சர்வீஸுக்கு வண்டியை விடாதீர்கள். பங்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், அவர்கள் காட்டியாக வேண்டும். சர்வீஸ் முடிந்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால், நீங்கள் தினமும் போகிற ரோட்டில், ஏசியோடு, நீங்களே ஓட்டிப் பாருங்கள். மாற்றியதாகச் சொல்கிற பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவே இல்லை.

மாமா எடுத்த போட்டோக்களோடு திரும்பப் போனேன். முதலில் பழைய பிளக்கைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பழைய பிளக் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது என்று போட்டோவைக் காட்டியதும் "பையன் தெரியாம பில்லுல போட்டுட்டான்" என்றார் முதலாளி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருப்பதைச் சொன்னதும்தான் பேச்சு மாறியது. பிளக், இன்ஜெக்டர் இரண்டுக்கும் வரியோடு 7,269 ரூபாய் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப்போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் பில்லும் ஜாப் கார்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.

இப்போது வண்டி ஊருக்குள் 12.7 கொடுக்கிறது. இரண்டு ஃபுல் டேங்க் கணக்கில் எடுத்தது. வாசலில் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன். மங்கலம் ரோடு, வீரபாண்டி இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்துக்கொள்கிறேன். நம் ஊர் நெரிசலில் இந்த வண்டிக்கு அவ்வளவுதான் வரும் என்று மாமா சொல்லிவிட்டார்.

வருகிற ஞாயிறு நாத்தனார் வண்டியையும் அக்கா வண்டியையும் ஊத்துக்குளிக்கு எடுத்துப் போகிறோம். அவற்றில் பிளக் மாறியிருக்கிறதா இல்லையா என்று பார்த்ததும் இங்கேயே எழுதுகிறேன்.